நடுப்படி: மருத்துவ உதவியாளர் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

எங்கள் ஆயா பிரசவம் பார்த்தவள். செந்துறைப் பக்கத்தில் எங்கள் சேரியிலும் ஊர்த்தெருவிலும் அவள் கையில் விழுந்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. ஊர்த்தெரு வீடுகளுக்குக் கொல்லைப்புறமாகத்தான் போவாள். கொடி சுற்றிய பிள்ளையை உயிரோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, முந்தானையில் நெல்லோடு அதே கொல்லைப்புறமாகத் திரும்பி வருவாள். அப்பா ஓர் ஆஸ்பத்திரியில் கடைநிலை ஊழியர். டாக்டர் வராத ராத்திரிகளில் வெட்டுக்காயத்துக்குத் தையல் போட்டது அவர்தான். காலையில் ரிஜிஸ்டரில் வேறு பெயர் இருக்கும். இருவருக்கும் வேலை தெரியும். அந்த வேலைக்கான பெயர் மட்டும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

இதையெல்லாம் என்னை யோசிக்க வைத்தவள் அண்ணன் மகள். பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து நின்றாள்.

"சித்தப்பா, எம்.பி.பி.எஸ். கெடைக்காது போலருக்கு. பி.எஸ்சி. பிசிசியன் அசிஸ்டென்ட்னு ஒரு படிப்பு இருக்காமே, அதுல சேரட்டுமா? வேல கெடைக்குமா?"

எம்.பி.பி.எஸ். ஏன் கிடைக்காது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செந்துறைக்கு அருகிலுள்ள குழுமூர் அனிதா 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தவர். நீட் தேர்வு அந்த மதிப்பெண்ணைச் செல்லாக்காசு ஆக்கியது. உச்சநீதிமன்றம் வரை போய்ப் போராடிவிட்டு 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு இப்போது அவர் பெயர். பெரம்பலூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி இல்லை. அண்ணன் மகளின் கேள்வி இந்த மண்ணிலிருந்து வந்தது.

டாக்டருக்குக் கீழே ஒரு நடுப்படி என்பது புதிய சரக்கல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் எல்.எம்.பி. என்று ஒன்று இருந்தது. பட்டப்படிப்பைவிடக் குறைந்த காலம், குறைந்த செலவு. இன்றைய ஸ்டான்லி கல்லூரியே 1938 வரை அப்படிப்பட்ட மருத்துவப் பள்ளிதான். 1946இல் போர் குழு அறிக்கை கொடுத்தபோது, நாட்டில் பதிவுசெய்த மருத்துவர்கள் சுமார் 47,500 பேர். அதில் ஏறத்தாழ 30,000 பேர் பட்டம் பெறாத இந்த நடுப்படிக்காரர்கள். இனி ஒரே வகை டாக்டர் போதும், நடுப்படி வேண்டாம் என்றது குழு. உறுப்பினர்களில் 6 பேர் ஒப்பவில்லை. ஆள் பற்றாத நாட்டில் இதை நிறுத்தக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். எடுபடவில்லை.

எல்.எம்.பி. படிப்பு சேரிவரை வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூட வாசலிலேயே நம்மை மறித்த காலம் அது. ஆனால் நம் பிள்ளைகள் பள்ளியிறுதி தேறி வரத் தொடங்கிய நேரத்தில் அந்தப் படியே இல்லை. உச்சியில் டாக்டர், அடியில் வார்டு பாய், ஆயா, துப்புரவுப் பணியாளர். அடியில் இருந்தவர்கள் எந்தச் சாதி என்பதை எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் நின்று பார்த்தால் தெரியும்.

அமெரிக்காவில் இந்தக் கதை வேறு விதமாக நடந்தது. வடகரோலினாவில் கார்லண்ட் என்கிற சிற்றூர். அங்கே அமோஸ் ஜான்சன் என்ற டாக்டரிடம் ஹென்றி டிரெட்வெல் என்ற கறுப்பர் உதவியாளராக இருந்தார். படித்து வந்தவரல்ல, வேலையிலேயே பழகியவர். டாக்டர் வெளியூர் போனாலும் வைத்தியசாலை நிற்காது. டியூக் பல்கலைக்கழகத்தின் யூஜீன் ஸ்டெட் 1965இல் 'பிசிசியன் அசிஸ்டென்ட்' படிப்பைத் தொடங்கியபோது அவருக்கு முன்மாதிரியாக இருந்தவர்களில் டிரெட்வெல்லும் ஒருவர். ஆனால் முதல் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் கடற்படையில் மருத்துவப் பணி பார்த்துவந்த 4 பேர். 1968இல்தான் பிரென்டிஸ் ஹாரிசன் என்ற கறுப்பர் அங்கே பட்டம் பெற்றார். 1970இல் ஜாய்ஸ் நிக்கோல்ஸ். இந்தத் தொழிலில் பட்டம் பெற்ற முதல் பெண்ணே ஒரு கறுப்பினப் பெண்தான். டிரெட்வெல்லின் கதையைப் படித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் வந்தது. அங்கே அந்த வேலைக்கு ஒரு பட்டம், சட்டம், சம்பளம் என்று வந்து சேர்ந்தது. 2023 கணக்குப்படி அந்நாட்டில் இவர்களின் நடுமட்டச் சம்பளம் ஆண்டுக்கு சுமார் 1,30,000 டாலர்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு 1992இல் சென்னையில் தொடங்கியது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் தொடங்கினார். இதய அறுவையின்போது காலிலிருந்து ரத்தநாளம் எடுத்துக் கொடுப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுக்கக் கண்காணிப்பது, நோயாளியின் வரலாற்றை எழுதுவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது என்று வேலைகள். இன்று எலும்பு, சிறுநீரகம், புற்றுநோய்ப் பிரிவுகளிலும் வேலை இருக்கிறது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் 4 ஆண்டுப் படிப்பு, கடைசி ஆண்டு பயிற்சி. நீட் இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே சேர்க்கை நடந்துவந்திருக்கிறது. அதுதான் நம் பிள்ளைகளை இழுக்கிறது.

ஆனால் இங்கேதான் கவனிக்க வேண்டும். சேரும்போது 18 சதவீத இடஒதுக்கீடு உண்டு. முடித்து வெளியே வந்தால் வேலை பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரிகளில். அங்கே இடஒதுக்கீடு கிடையாது. டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. பத்து வருஷம் அனுபவம் இருந்தாலும் எம்.பி.பி.எஸ். சேர அது உதவாது. அமெரிக்கா போகலாம் என்று புரோக்கர் சொன்னால் நம்பக்கூடாது. அங்கே அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் மறுபடி படித்தால்தான் உரிமம். 2021இல் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதில் இந்தத் தொழிலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல்முறையாகப் பெயர் ஏட்டில் ஏறியிருக்கிறது. சம்பளம் ஏறவேண்டும், அரசுப் பணியிடம் வரவேண்டும்.

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப தாத்தா செஞ்ச வேலயத்தான் நானும் செய்யப் போறனா சித்தப்பா?"

"ஆமாம்மா. ஆனா ரிஜிஸ்டர்ல ஒம் பேர் இருக்கும்."

"அது போதுமா?"

போதாது என்றுதான் சொன்னேன். சேர்ந்துவிட்டாள்; சேரச் சொன்னவனும் நான்தான். நடுப்படி வேண்டாம் என்று ஒதுங்க நமக்கு வசதியில்லை. ஆனால் இதுதான் உனக்கு அளந்த இடம், இங்கேயே நில் என்று யாராவது சொன்னால் அது ஆயா நடந்த கொல்லைப்புற வழிதான். அரசு மருத்துவமனைகளில் பணியிடம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவர்களுக்கு வேலை, தனியார் துறையில் இடஒதுக்கீடு, அனுபவத்தைக் கணக்கிலெடுத்து மேற்படிப்புக்கு வழி. மாணவர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் நீட்டுக்கு எதிராகக் குரல் கொடுக்கும்போது இந்த நான்கையும் சேர்த்தே கேட்க வேண்டும். குழுமூர்ப் பிள்ளை கேட்டது டாக்டராகும் உரிமை. அந்தக் கோரிக்கையை உதவியாளர் படிப்பைக் காட்டி யாரும் முடித்துவைக்க முடியாது.