வறுமைக் கோடும் உழைக்கும் குடும்பமும்



பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் வகுப்பாசிரியர்கள் நிறைவு செய்யும் படிவங்களுள் ஒன்று, மாணவரின் குடும்ப வருமானத்தைக் கேட்பதாகும். 2017ஆம் ஆண்டில் என் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தையார், தொழிற்சாலை ஒன்றில் மாதம் 1,000 ரிங்கிட் சம்பளத்திற்கு வேலை செய்தார். தாயார் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தார். வீட்டில் நால்வர். வாடகை, மின்கட்டணம், பள்ளி வேன் கட்டணம் அனைத்தும் அந்த ஒரு சம்பளத்தில்தான். மாணவன் பல நாள் காலையில் பசியோடுதான் வந்தான்.

ஆயினும், அன்றைய அரசாங்கக் கணக்கின்படி அக்குடும்பம் ஏழைக் குடும்பம் அன்று. 2016ஆம் ஆண்டில் நாடு தழுவிய சராசரி வறுமைக் கோட்டு வருமானம் 980 ரிங்கிட். அத்தந்தை அக்கோட்டிற்கு 20 ரிங்கிட் மேலே நின்றார்.

அப்படிவத்தை மூடி வைத்த பின்னும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாள்தோறும் உழைக்கும் ஒருவர் ஏழையாக இருக்க முடியும் என்பதை நம் நாட்டின் வறுமை ஒழிப்புக் கொள்கைகள் எப்பொழுது உணர்ந்தன? அதனைத் தேடியபோது கிடைத்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஐம்பது காசுக் கூலி

மலாயாவில் தோட்டத் தொழிலாளரின் கூலியில் அரசாங்கம் தலையிட்டது புதிதன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, இந்தியத் தொழிலாளர்களுக்கு ஒரு நிலையான கூலி வகுக்கப்பட வழி செய்தது. 1920களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. ஆனால், உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்ததும் அந்த நிலையான கூலியும் சரிந்தது. குடும்பத்தின் வயிறு சுருங்கவில்லை. கூலி மட்டும் சுருங்கியது. கூலி மீண்டும் குறைக்கப்பட்ட நிலையில், 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. வயிறும் மானமும் ஒரே பட்டியலில் இருந்தன. போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

சட்டங்கள் வந்தன, தோட்டம் வெளியே நின்றது

போருக்குப் பின் 1947ஆம் ஆண்டில் ஊதிய மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிற்சங்க வலிமை குறைந்த துறைகளில் குறைந்தபட்ச ஊதியத்தை வகுப்பதே அதன் நோக்கம். கடைச் சிப்பந்திகள், உணவக, தங்குவிடுதி ஊழியர்கள், திரையரங்கு ஊழியர்கள், பினாங்குத் துறைமுகச் சுமை தூக்குவோர் ஆகியோருக்கு ஊதிய மன்றங்கள் அமைந்தன. தோட்டத் தொழிலாளருக்கு அமையவில்லை. அவர்களின் ஊதியம் 1954ஆம் ஆண்டில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகளும் பேசி முடிக்கும் ஒப்பந்தத்திற்கு விடப்பட்டது.

1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதியும், 1955ஆம் ஆண்டில் வேலைவாய்ப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டில் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. இவை நல்ல சட்டங்கள். முதுமையிலும் விபத்திலும் தொழிலாளியைத் தாங்கின. எனினும், சேமநிதி என்பது சம்பளத்தின் ஒரு பங்கு. சம்பளமே சிறிதாயின் சேமிப்பும் சிறிதாகத்தானே இருக்கும்? பால்மரம் வெட்டுவோரின் வருமானம் ரப்பர் விலையோடு ஏறி இறங்கியது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை.

இதே காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் பல தோட்டங்களைத் துண்டாடி விற்றன. வேலையும் வீடும் ஒரே இடத்தில் இருந்தமையால், தோட்டம் விற்கப்பட்டபோது இரண்டும் ஒன்றாகவே பறிபோயின. துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது இந்தச் சூழலில்தான். அது நம்மவர் தாமே கண்ட வழி.

புதிய பொருளாதாரக் கொள்கை

1971ஆம் ஆண்டில் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் இரு குறிக்கோள்களில் முதலாவது, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது. 1970ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன. 1990ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 15 விழுக்காடாகக் குறைந்தது. இருபது ஆண்டுகளில் இது பெரிய சாதனை. இதனை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால், அந்தச் சாதனை எந்த வழியில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாம் மலேசியத் திட்டம் 1970ஆம் ஆண்டின் வறுமையைத் தொழில்வாரியாகக் காட்டியது. நெல் விவசாயிகளில் 88.1 விழுக்காட்டினரும் மீனவர்களில் 73.2 விழுக்காட்டினரும் ரப்பர் சிறுதோட்டக்காரர்களில் 64.7 விழுக்காட்டினரும் ஏழைகள். தோட்டத் தொழிலாளரில் ஏழைகள் 40 விழுக்காட்டினர். மற்றவர்களை விடக் குறைவுதான்; ஆயினும் பத்தில் நான்கு குடும்பங்கள்.

கையாளப்பட்ட கருவிகளோ நிலத்தையும் பயிரையும் மையமாகக் கொண்டவை. பெல்டா நிலக் குடியேற்றம், மறுநடவு மானியம், மூடா போன்ற நீர்ப்பாசனத் திட்டங்கள் ஆகியவை சிறு விவசாயியை உயர்த்தின. தோட்டத் தொழிலாளியிடம் மானியம் பெற நிலம் இல்லை. நீர் பாய்ச்ச வயலும் இல்லை. அவரிடம் இருந்தது உழைப்பு ஒன்றே. அந்த உழைப்பின் விலையை உயர்த்தும் கருவி அக்கொள்கையில் இடம்பெறவில்லை. மேலும், தோட்டம் தனியார் நிலம் என்பதால், கிராமங்களுக்கு அரசாங்கம் கொண்டு சென்ற சாலையும் குழாய்நீரும் மின்சாரமும் தோட்ட எல்லையோடு நின்றன. லயத்து வீடுகளின் வசதி தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே இருந்தது.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இன்றைய நிருவாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்த நிலத்தின் பெரும்பகுதி பெராங் புசார் தோட்டம். அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நாடு முழுவதும் இத்தகைய பெயர்வு நடந்தது. தோட்டத்தில் வாடகை இல்லை. வீட்டின் பின்னால் காய்கறித் தோட்டம் இருந்தது. ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுச் செல்லலாம். நகரத்தில் இவை அனைத்திற்கும் பணம் வேண்டும். கையில் வந்த சம்பளம் முன்பை விடக் கூடியிருக்கலாம். ஆனால், பணம் கொடுத்து வாங்க வேண்டியவை அதைவிடக் கூடிவிட்டன.

கோடும் கூலியும்

2011ஆம் ஆண்டில் தேசிய ஊதிய ஆலோசனை மன்றச் சட்டம், பழைய 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்தது. அதன் பயனாக 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட், சபா, சரவாக்கில் 800 ரிங்கிட் எனக் குறைந்தபட்ச மாத ஊதியம் நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளரும் இதனுள் அடங்கினர். ஐம்பது காசுக் கூலிக் காலத்திலிருந்து எண்ணினால் எத்தனை தலைமுறைக் காத்திருப்பு! தீபகற்பத்தில் 2016ஆம் ஆண்டு ஜூலையில் அது 1,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன தந்தை பெற்ற சம்பளம் அதுவே.

ஊதியம் உயர்ந்ததே, பின் ஏன் மாணவன் பசியோடு வந்தான்? காரணம், வறுமைக் கோடு மிகத் தாழ்வாக வரையப்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் நாட்டிற்கு வந்த ஐக்கிய நாட்டுச் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இதனை வெளிப்படையாகக் கூறினார். அப்போது அரசாங்கத் தரப்பில் மறுப்பு எழுந்தது. ஆயினும் 2020ஆம் ஆண்டில் கணக்கிடும் முறை திருத்தப்பட்டது. 980 ரிங்கிட்டாக இருந்த கோடு, 2019ஆம் ஆண்டிற்கு 2,208 ரிங்கிட் ஆயிற்று. 0.4 விழுக்காடு எனப்பட்ட வறுமை 5.6 விழுக்காடு ஆனது. நாலு லட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் புதிய கணக்கில் ஏழைகளாகத் தெரிந்தன. அவர்களுள் பெரும்பாலோர் அந்த ஓர் ஆண்டில் ஏழைகளானவர்கள் அல்லர், முன்பு எண்ணப்படாதவர்கள்.

இங்கே ஒரு சிறு கணக்கு. நான்காம் ஆண்டு மாணவரும் செய்யக்கூடியதுதான். 2019ஆம் ஆண்டில் குறைந்தபட்ச ஊதியம் 1,100 ரிங்கிட். கணவனும் மனைவியும் இருவரும் முழுநேரம் உழைத்தாலும் கிடைப்பது 2,200. சராசரிக் கோட்டிற்கு 8 ரிங்கிட் குறைவு! இருவரும் சட்டப்படியான ஊதியம் பெற்றும் அக்குடும்பம் ஏழைக் குடும்பம்.

பின்னர் ஊதியம் 2022ஆம் ஆண்டு மே மாதம் 1,500 ரிங்கிட்டாகவும், 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. 2022ஆம் ஆண்டின் சராசரிக் கோடு 2,589 ரிங்கிட். இருவர் உழைத்தால் கோட்டைத் தாண்டலாம். ஒருவரே உழைக்கும் வீடு, கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீடு, இன்னும் கீழேதான்.

2012ஆம் ஆண்டில் பிரிம் என்னும் பெயரில் தொடங்கி, பெயர்கள் மாறித் தொடரும் ரொக்க உதவியும் இக்குடும்பங்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. ஆனால், உதவித்தொகை அரசாங்கம் கொடுப்பது. ஊதியம் உழைத்தவர் ஈட்டுவது. 1941ஆம் ஆண்டில் கிள்ளானில் நின்றவர்கள் கேட்டது இரண்டாவதைத்தான்.

இவ்வரலாற்றிலிருந்து நான் அறிந்தது இது: அரசாங்கம் எதை அளக்கிறதோ அதையே பார்க்கிறது. அளவுகோல் தவறாயின், உழைப்பவரின் பசி கண்ணில் படாது. ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பாடமுண்டு. ‘வேலை இருக்கிறது’ என்று எழுதிய படிவத்தைக் கண்டதும் ‘தேவையில்லை’ என்று ஒதுக்கிவிடாமல், அந்த வீட்டில் எத்தனை பேர் உண்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்போம். படிவத்தில் அதற்கு இடமில்லாவிட்டாலும் பக்க ஓரத்தில் எழுதி வைப்போம். அன்று நான் அதைச் செய்யத் தவறினேன். இன்று தவறுவதில்லை.