துப்பாக்கியின் இருப்பிடம்: ஆயுதச் சட்டமும் காளையார்கோவில் சீமையும்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைத் தொடக்கமுதல் இறுதிவரை பொறுமையோடு வாசிப்பவர், துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம், யாரிடம் வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம், எந்நிலையில் லைசென்சு மறுக்கப்படும், எப்போது பறிக்கப்படும் என்பனவற்றுக்கெல்லாம் விரிவான விடை காண்பாரேயன்றி, முறைப்படி அனுமதி பெற்ற ஒருவர் தம் வீட்டுக்குள் அதனை எவ்விடத்தில், எத்தகைய பூட்டுக்குள், தோட்டாக்களிலிருந்து எவ்வாறு பிரித்து வைக்கவேண்டும் என்று கூறும் தனிப்பிரிவு ஒன்றையும் காணமாட்டார். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இக்குறையை ஓரளவு உணர்ந்து, ஆயுதத்தைக் கையாளும் பயிற்சியை வற்புறுத்துகின்றன. பத்திரமாக வைத்தலைப் பற்றியும் பேசுகின்றன. ஆயினும் அவ்விதிகளின் கவனமெல்லாம் லைசென்சு வழங்கும் வேளையிலேயே குவிந்து நிற்பது. வழங்கியபின் வரும் ஐந்தாண்டுக் காலத்தில் வீட்டுக்குள் நடப்பதைக் குறித்து அவற்றுக்கு அவ்வளவு சிரத்தை இல்லை. இம்மௌனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டென்பதும், அதனைப் போக்குதற்குப் புதிய சட்டம் வேண்டாமல், இருக்கும் சட்டத்தின் 17ஆம் பிரிவே போதுமென்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சரித்திரம் காளையார்கோவிலிலேயே தொடங்குகிறது. 1772 ஜூனில் முத்துவடுகநாதத் தேவர் இவ்வூரில் கும்பினிப் படையின் குண்டுக்கு இரையானதும், பின்னர் வேலு நாச்சியாரும் மருது சகோதரரும் சீமையை மீட்டதும், 1801இல் கர்னல் அக்னியூ ஒரு மாதத்துக்கு மேல் காட்டை வெட்டி வழிகாண முயன்று தோற்று, வேறு வழியாக வந்து அக்டோபர் முதல் நாளன்று இவ்வூரைக் கைப்பற்றியதும், அம்மாதம் 24ஆம் நாள் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் யாவரும் அறிந்தவை. நமது விஷயத்துக்கு அவற்றினும் முக்கியமானது, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரபு வெளியிட்ட பிரகடனமாகும். பாளையக்காரரும் சேர்வைக்காரரும் ஆயுதம் தரித்திருந்தமையே தென்சீமையின் அனர்த்தங்களுக்குக் காரணமென்று கூறி, குடிகள் ஆயுதம் வைத்திருப்பதை ஒழிக்க அப்பிரகடனம் முற்பட்டது, கோட்டைகளும் இடிக்கப்பட்டன. ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றே அன்றைய அதிகாரத்தின் வினா. இருக்கும் ஆயுதம் எவ்வாறு பேணப்படுகிறது என்று கேட்பதற்கு அவ்வதிகாரத்துக்கு அவசியமே எழவில்லை, ஏனெனில் இருக்கவே கூடாது என்பதன்றோ அதன் சித்தாந்தம்! (சிவகங்கை அரண்மனையில் கும்பினியார் குவித்துவைத்த வெடிமருந்தைக் குயிலி என்னும் வீராங்கனை தன் உடலையே தீயாக்கி அழித்தாள் என்ற செய்தியை, ஆவணச் சான்றை மட்டுமே நம்புவோர் ஐயுறலாம், கிடங்கைக் காக்கத் தெரியாதவன் ஆயுதத்தால் பயனடையான் என்னும் அளவில் இந்நாட்டு மக்கள் அக்காலத்தை நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதையேனும் அச்செய்தி காட்டும்.)

1860இன் சட்டமும், லிட்டன் பிரபு காலத்து 1878இன் சட்டமும் அதே நோக்கின் தொடர்ச்சியாதலின் அவற்றை இங்கே விரித்தல் வேண்டா. தேசிய இயக்கமும் அவ்வினாவை மாற்றவில்லை, விடையை மட்டுமே மாற்ற முயன்றது: 1931இல் கராச்சிக் காங்கிரஸ் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் பாத்தியதையைத் தன் தீர்மானத்தில் சேர்த்தது, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதனை அடிப்படை உரிமையாக்கக் கொணர்ந்த திருத்தம் அம்பேத்கரின் மறுப்புக்குப்பின் தோற்றது. இருதரப்பினரும் வாதிட்டது வைத்திருத்தலைப் பற்றியே. ஆகவே 1962 அக்டோபர் முதல் நாளில் அமலுக்கு வந்த சுதந்திர இந்தியாவின் சட்டம், பழைய சட்டத்தின் இனபேதத்தை விலக்கிய அளவுக்கு அதன் பார்வையை விலக்கவில்லை எனலாம்.

சட்டம் வீட்டையும் வண்டியையும் அறவே மறந்துவிட்டதென்று சொல்வதும் நியாயமன்று. 35ஆம் பிரிவு அவ்விரண்டையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. சட்டத்தை மீறிய ஆயுதம் பலர் கூட்டாக வசிக்கும் கட்டடத்திலோ, பலர் கூட்டு ஆதீனத்திலுள்ள வண்டியிலோ அகப்படுமாயின், அது அங்கிருப்பதை அறிந்திருந்தார் என்று நம்ப இடமுள்ள ஒவ்வொருவரும், தம் குற்றமின்மையை நிரூபித்தாலொழிய, அதற்குப் பொறுப்பாளியாவார். இப்பிரிவைக் காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடொன்றின் முன் நின்று படிக்கவேண்டும். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் கடந்து பின்தெருவரை நீளும் அவ்வீடுகளில், பங்காளிகளின் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் வளவைச் சுற்றித் தனித்தனி அறையும் தனித்தனிப் பூட்டும் உண்டு. வளவோ எல்லார்க்கும் பொது. பெட்டகம் ஒருவருடையது, அது நிற்கும் இடம் பலருடையது. பெரியவர் ஒருவர் பெயரில் லைசென்சு இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலமானபின் உரிய காலத்தில் ஒப்படைக்கப்படாமல் அவருடைய அறையிலேயே கிடக்குமாயின், அவ்வறையின் சாவியைப் பாராத பங்காளியும், 'மாடியில் அப்பச்சியின் துப்பாக்கி இருந்தது' என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்த ஒரே காரணத்தால், 35ஆம் பிரிவின் நிழலில் நிற்க நேரும். அறிவைக் குற்றத்தின் அளவுகோலாக்கிய சட்டம், ஒருவன் பூட்டையும் சாவியையும் எவ்வளவு ஜாக்கிரதையாகக் காத்தான் என்பதை அளக்க ஒரு கோலையும் தரவில்லை. குற்றம் நேர்ந்தபின் வீட்டார் அனைவரையும் நோக்கும் சட்டம், குற்றம் நேராமற் காத்தவனைத் தனியே அடையாளம் காண்பதில்லை. என் அபிப்பிராயத்தில் இதுவே அதன் பெரிய பிழை.

இவ்வீடுகளில் மற்றொரு நிலைமையும் உண்டு. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கப்பட்டு, ஆண்டின் பெரும்பகுதி காவற்காரர் ஒருவரின் பொறுப்பில் பூட்டிக்கிடப்பவை பல. அத்தகைய வீட்டில் துப்பாக்கியை விட்டுச் செல்பவர், அதனைப் பெட்டகத்தில் வைத்துச் சாவியைத் தம்முடன் கொண்டுபோனால் ஆயுதம் காவலின்றிக் கிடக்கும். சாவியைக் காவற்காரரிடம் கொடுத்தாலோ, அவர் பெயர் லைசென்சில் சேர்க்கப்பட்டிருந்தாலன்றி, உரிமையில்லாதவர் கையில் ஆயுதம் ஒப்புவித்தது போலாகி, 5ஆம் பிரிவும் 29ஆம் பிரிவும் குறுக்கிடும். 21ஆம் பிரிவு காட்டும் வழி, அதாவது போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்தல், சட்டப்படி வைத்திருக்க இயலாமற்போனவர்க்கென்று வகுக்கப்பட்டது. வைத்திருக்க உரிமை பெற்றும் ஊரில் இல்லாதவர்க்கு அதனைக் கடமையாக்குவார் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, பரம்பரையாக வருவனவற்றுக்கும் அவ்வெல்லையே பொருந்துமென்றது. எண்ணிக்கையைக் குறைத்த அதே கை லைசென்சின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. ஆக, குறைந்த துப்பாக்கிகளை நெடுங்காலம் பாராமலிருக்க வசதி பிறந்தது. பயன்படா நிலையிலுள்ள பழம்பொருளாகிய துப்பாக்கிகள் 45ஆம் பிரிவினால் சட்டத்துக்குப் புறம்பானவை; ஆனால் சுவரில் தொங்கும் ஒரு பழைய துப்பாக்கி பயன்படாததுதானா என்று யார் எப்போது சோதித்தார் என்பது வேறு கேள்வி.

வண்டிக்கு வருவோம். 2016 விதிகளின் 32ஆம் விதிப்படி, பொதுவிடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த உறையிலோ முதுகுப்பை போன்றதிலோதான் கொண்டுசெல்லலாம், நீண்ட துப்பாக்கிக்கு அதற்கேற்ற உறை வேண்டும், முழுவதும் மறைந்திருக்கவேண்டும், கொண்டுசெல்பவர் அதனைத் தம் செவ்வையான கட்டுப்பாட்டில் வைத்திருக்கவேண்டும். இவ்வாசகம் தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 84ஆம் பிரிவை ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறது. அந்நாட்டார் வீட்டுப் பெட்டகத்துக்கும் 953 என்னும் எண்ணுள்ள தரத்தை நிர்ணயித்தனர். நாம் வீதிக்குரிய விதியைக் கைக்கொண்ட துல்லியத்தோடு வீட்டுக்குரியதைக் கைக்கொள்ளவில்லை. போகட்டும். லைசென்சின் நிபந்தனைகளோ, சந்தை, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்விக்கூட வளாகம் ஆகியவற்றுக்குள் ஆயுதத்தைக் கொண்டுசெல்வதைத் தடுக்கின்றன. அக்டோபர் 27இல் மருது பாண்டியர் குருபூஜைக்காகக் காளையார்கோவில் வரும் ஒருவரின் காரில் லைசென்சுத் துப்பாக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்குள் எடுத்துச்செல்ல நிபந்தனை இடந்தராது. தொண்டி சாலையோரம் நிறுத்திய காருக்குள் விட்டுச்சென்றாலோ, சன்னலை உடைப்பவன் கைக்கு எட்டுவது செவ்வையான கட்டுப்பாட்டில் இருப்பதாகாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு ஒன்றே: அந்தத் துப்பாக்கி அன்று வீட்டைவிட்டு வெளிவந்திருக்கவே கூடாது. வண்டியைப் பற்றிய வாதம் நம்மை மீண்டும் வீட்டுக்கே கொண்டுவந்து விடுகிறது. வண்டிகளை நிறுத்திச் சோதிக்க 23ஆம் பிரிவு போலீசாருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் சோதனை என்பது பேணுதலுக்கு ஈடாகாது.

அரசே ஆயுதத்தின் இருப்பிடத்தைப் பற்றி ஆழ்ந்து கவலைப்படும் காலம் ஒன்றுண்டு. அது தேர்தற் காலம். தேர்தல் கமிஷனின் கட்டளைப்படி, கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் அடங்கிய குழுவினர் லைசென்சுதாரர்களை ஆராய்ந்து, தேவையானவர்களைத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்ல, அவர்கள் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது பெற்று, முடிவுகள் வெளியாகி ஒரு வாரம் சென்றபின் திரும்பப் பெறுகின்றனர். வாக்காளனை அச்சுறுத்தும் துப்பாக்கிக்கு இவ்வளவு நிர்வாகச் சிரத்தை காட்டுவது தக்கதே. ஆனால் 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கியைத் தம்மிடம் வைத்திருத்தலாகாது என்று 9ஆம் பிரிவு கூறும் நாட்டில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறக்கும் காலம் தேர்தல் அட்டவணையில் வருவதில்லை.

அயல்நாடுகளில் இப்பணியை ஊராட்சிகளே மேற்கொண்டதுண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2007இல், உடலோடு அணிந்திராத கைத்துப்பாக்கி வீட்டில் பூட்டிய பேழையிலோ விசைப்பூட்டுடனோ இருக்கவேண்டுமென்று விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை 2014இல் நிலைநிறுத்தியது. மறு ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம் தலையிட மறுத்தது. பின்னர் அந்நகரம் வண்டிகளில் விட்டுச்செல்லும் துப்பாக்கிகளையும் விதிக்குள் கொணர்ந்தது. ஆனால் வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் என்னும் சிறுநகரின் இதேவகை விதி, மாநிலச் சட்டம் இத்துறையைத் தானே ஆட்கொண்டுள்ளது என்னும் காரணத்தால் 2022இல் வீழ்ந்தது. நம் நாட்டிலோ ஆயுதமும் வெடிமருந்தும் ஏழாவது அட்டவணையில் மத்திய சர்க்காரின் பட்டியலுக்குரியவை, ஐந்தாவது பதிவு. ஆதலின் காளையார்கோவில் ஊராட்சியோ தமிழகச் சட்டசபையோ சான் பிரான்சிஸ்கோவைப் பின்பற்ற இயலாது என்று பலர் இங்கேயே வாதத்தை முடித்துவிடுவர். அவர்கள் 17ஆம் பிரிவின் முதல் உட்பிரிவைக் கருதாதவர்கள். விதிகளால் முன்னரே நிர்ணயிக்கப்பட்ட நிபந்தனைகளைத் தவிர, ஏனைய நிபந்தனைகளை மாற்றியமைக்க லைசென்சு அதிகாரிக்கு அது உரிமை அளிக்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்தில் அவ்வதிகாரி கலெக்டரே. தோட்டாவைத் தனியே பூட்டுக, ஊரில் இல்லாத காலத்தில் வியாபாரியிடமோ ஸ்டேஷனிலோ வைக்க, சாவி யாரிடம் உள்ளதென எழுதிக்கொடுக்க என்று அவர் நிபந்தனை சேர்ப்பாராயின், அதனை மீறுவது 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறைவாசத்துக்கோ, 2,000 ரூபாய்வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றமாகும். நிபந்தனை மிகையென்று கருதுபவர்க்கு 18ஆம் பிரிவின் அப்பீல் இருக்கிறது. நம் நாட்டில் 'உள்ளூர்ச் சட்டம்' என்று ஒன்று இவ்விஷயத்தில் உண்டாகுமானால், அது இவ்வழியேதான் உண்டாக முடியும்.

தற்காப்புக்காகப் பெற்றதைப் பூட்டிவைத்தால் திருடன் வரும்போது எவ்வாறு உதவும் என்னும் ஆட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வாஷிங்டன் நகரத்தில் வீட்டுத் துப்பாக்கியைக் கழற்றியோ விசைப்பூட்டிட்டோ வைக்கவேண்டுமென்ற விதியை அமெரிக்க உச்சநீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் நிராகரித்தது இக்காரணத்தாலேயே. 13ஆம் பிரிவும், 20 அங்குலத்துக்குக் குறையாத வரியற்ற குழலுடைய துப்பாக்கியைத் தற்காப்புக்கும், வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்கும் தாராளமாகவே அனுமதிக்க முற்படுகிறது. கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றிக்கு விழித்திருக்கும் சம்சாரியிடம் போய் துப்பாக்கியைப் பூட்டிவை என்பது கேலியாகும். ஆனால் வினா அவன் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றியதன்று. விடிந்தபின் அது எங்கே போகிறது என்பதைப் பற்றியது. கையில் இருப்பதையும் கைவிட்டு வைப்பதையும் சான் பிரான்சிஸ்கோ விதி பிரித்ததுபோல் பிரித்தால் ஆட்சேபத்தின் பெரும்பகுதி விலகும். ஆளற்ற வளவுக்குள் புகும் திருடனைப் பொறுத்தவரை, அங்கே பூட்டின்றிக் கிடக்கும் துப்பாக்கி வீட்டுக்காரரின் தற்காப்பு அன்று, திருடனுடையது.

இவ்யோசனைக்கு ஓர் உண்மையான தடை உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. கலெக்டர் சேர்க்கும் நிபந்தனை தம் அலுவலகம் வழங்கிய லைசென்சையே பற்றும். சென்னைப் போலீஸ் கமிஷனரிடம் லைசென்சு பெற்றவர் தம் துப்பாக்கியைக் காளையார்கோவில் பக்கத்துப் பூர்வீக வீட்டில் வைத்துப்போனால், சிவகங்கைக் கலெக்டரின் நிபந்தனை அதனைத் தொடாது. செட்டிநாட்டில் இது அபூர்வமான நிலைமையும் அன்று. குடியிருப்பு மாறியவர் அதனை உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்னும் கடமை இப்போது மனிதனின் விலாசத்தைப் பற்றியதாகவே கொள்ளப்படுகிறது. துப்பாக்கியின் விலாசம் வேறாயிருக்கக்கூடும் என்பதை ஏற்று, லைசென்சிலேயே அதற்கொரு கட்டம் வகுத்து, அவ்விடம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்ததோ அம்மாவட்டத்துக் கலெக்டருக்கு ஒரு நகல் செல்லுமாறு மத்திய சர்க்கார் விதியைத் திருத்தும்வரை, 17ஆம் பிரிவு பாதி வீடுகளுக்குள்தான் நுழைய முடியும்.