கோடாலியிலிருந்து செயின் சா வரை: விறகு மிஷின் வந்த கதை

கேஸ் அடுப்பு வந்ததும் விறகு ஒழிந்துவிட்டது என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறோம். ஊர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் பெரிய அண்டா இன்றும் பல இடங்களில் விறகில்தான் கொதிக்கிறது. செங்கல் சூளை, வெல்லம் காய்ச்சும் கொட்டகை, பழைய பேக்கரி, கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பு எல்லாவற்றுக்கும் விறகு வேண்டும். தோப்பு வைத்திருப்பவர்களுக்கோ விறகு தேவைப்படாவிட்டாலும், காற்றில் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தியே ஆக வேண்டும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அதுவரை மரக்கடையிலும் வனத்துறையிலும் பார்த்திருந்த செயின் சா என்னும் மரம் அறுக்கும் மிஷின், அதற்குப் பிறகு கிராமத்துக்கு நாலைந்து என்று பெருகிவிட்டது. இப்போது பணி ஓய்வு பெற்று ஊரோடு போய்ச் சேர்ந்த நண்பர்கள் சிலர், “சார், விறகு வெட்ட ஒரு மிஷின் வாங்கலாமென்று இருக்கிறேன், எதை வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள்.

கடைக்காரரைக் கேட்டால் எத்தனை சி.சி., எத்தனை அங்குலம் என்பதோடு பதில் முடிந்துவிடும். இந்த மிஷினின் சரித்திரத்தைப் பார்த்தால் அதைவிட நல்ல பதில் கிடைக்கிறது. அதில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் யாரோ ஒரு தொழிலாளி பட்ட கஷ்டத்துக்கோ, அடைந்த காயத்துக்கோ விடையாக வந்து சேர்ந்தது.

ரயிலும் சவுக்கும்

முதலில் விறகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் விறகு பெரிய வியாபாரம் ஆனதற்கு ரயிலும் ஒரு காரணம். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நிலக்கரி தூரத்திலிருந்து வர வேண்டிய பொருள் என்பதால், எஞ்சின்களுக்கு விறகைத்தான் போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளும் மரம்தான். காடுகள் வேகமாக அழிவதைப் பார்த்து, அதே 1856இல் சென்னை மாகாணத்துக்கு வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் நியமிக்கப்பட்டார்.

காட்டை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், 1860களில் கடலோர மணல் நிலங்களில் விறகுக்கென்றே சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். இன்று நெல்லூரிலிருந்து நாகப்பட்டினம் வரை நாம் பார்க்கும் சவுக்கு, நம் மண்ணில் தானாக முளைத்த மரம் அல்ல. அடுப்புக்கும் எஞ்சினுக்குமாகக் கொண்டுவந்து நட்டது.

சீமைக் கருவேலமும் அப்படித்தான். அது காமராஜர் காலத்தில் வந்தது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. அமெரிக்கக் கண்டத்து மரமான அது 1870களிலேயே சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது. வறண்ட மாவட்டங்களில் பரவலாக விதைக்கப்பட்டது பிற்பாடு நடந்த கதை. இராமநாதபுரம் பக்கம் கரி மூட்டம் போடுபவர்களுக்கு இன்றும் அதுதான் பிழைப்பு.

கோடாலிக் காலம்

எங்கள் சிறுவயதில் விறகுக்கடை என்றால் வாசலில் ஒரு பெரிய தராசு தொங்கும். தூக்கு, மணங்கு என்று கணக்கு. ஈர விறகைத் தலையில் கட்டினால் எடையும் போச்சு, அடுப்பும் புகையும் என்பதால், அம்மா இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று கேட்டால் காய்ந்தது, ‘தொத்’ என்றால் ஈரம்.

விறகு பிளப்பவரின் ஆயுதங்கள் மூன்றுதான்: கோடாலி, இரும்பு ஆப்பு, சம்மட்டி. கணு எங்கே இருக்கிறது, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கட்டையை ஒரு தடவை உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். பெரிய அடிமரமாக இருந்தால் இரண்டு பேர் இழுக்கும் ரம்பம் வேண்டும். பலகை அறுக்க வேண்டுமானால் குழி வெட்டி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று நாள் முழுக்க இழுப்பார்கள். கீழே நிற்பவரின் தலை, கண் எல்லாம் மரத்தூள். அந்த உழைப்பைப் பார்த்தவர்கள் யாரும் மிஷின் வந்ததைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பிறந்த ரம்பம்

சங்கிலி ரம்பம் முதலில் மரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். 1780களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரு மருத்துவர்கள் எலும்பு அறுப்பதற்காக, பற்கள் வைத்த மெல்லிய சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இரண்டு முனையிலும் கைப்பிடி, கையால் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். பிரசவம் சிக்கலாகும்போது இடுப்பெலும்பு மூட்டை விரிக்கவும் அது உதவியது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. பிறகு 1830 வாக்கில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி ஓடும் கருவியைச் செய்தார். அதுவும் எலும்புக்குத்தான்.

மரத்துக்கு வந்த கதை 20ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1926இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்றைச் செய்தார். எடை 64 கிலோ, தூக்க இரண்டு ஆள் வேண்டும். அடுத்த வருடம் எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவில் உள்ள டோல்மார் என்ற மலையில் தன் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்தார். அந்த மலையின் பெயரே கம்பெனிக்குப் பெயரானது. ஸ்டீலின் பெட்ரோல் மிஷின் 1929இல் வந்தது, 46 கிலோ.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அலுமினியம், மெக்னீசியம் கலந்த லேசான உலோகங்களில் எஞ்சின் செய்ய முடிந்தது. 1950 வாக்கில்தான் ஒரே ஆள் தூக்கி வேலை செய்யும் மிஷின்கள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் வந்தன. இன்னொரு தடையும் அப்போது நீங்கியது. பழைய கார்புரேட்டரைச் சாய்த்தால் எஞ்சின் நின்றுவிடும். உள்ளே மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்த பிறகுதான், மிஷினை எப்படித் திருப்பினாலும் ஓடியது.

புழு சொல்லிக்கொடுத்த பாடம்

எஞ்சின் சரியாகிவிட்டது, சங்கிலி சரியாகவில்லை. ரம்பப் பல்லைப் போலவே கூராக இருந்ததால் மரத்தைக் கீறிக்கொண்டு போகும், சீக்கிரம் மழுங்கும், அரம் போடுவது பெரும்பாடு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரத்தொழிலாளி 1946இல் ஒருநாள் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, அடிக்கட்டைக்குள் ஒரு வண்டின் புழு மரத்தைத் தின்றுகொண்டு போவதைப் பார்த்தார். நாருக்குக் குறுக்கே, நீளவாக்கில் என்று பேதமில்லாமல் அது சுலபமாகப் போனது. உற்றுப் பார்த்தால், அதன் வாயில் வளைந்த இரண்டு தாடைகள், இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவுகின்றன. அதே மாதிரி இடது பல், வலது பல் என்று மாற்றி வைத்த சங்கிலியைச் செய்து 1947இல் விற்கத் தொடங்கினார். இன்று உலகில் ஓடும் செயின் சாக்களில் இருப்பது பெரும்பாலும் அந்த அமைப்பின் வாரிசுகள்தான். உங்கள் மிஷின் தள்ளும் தூள் மாவு போல இருந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது, சீவல் சீவலாக வந்தால் கூராக இருக்கிறது என்று பொருள். புழுவின் பாடம் அதுதான்.

வெள்ளை விரல்கள்

மிஷின் லேசானதும் காடுகளில் ஒருவரே காலை முதல் மாலை வரை அதைப் பிடித்து வேலை செய்தார். சில வருடங்களில் அவர்கள் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகத் தொடங்கின. எஞ்சினின் அதிர்வு கை நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் கெடுத்திருந்தது. சட்டைப் பொத்தானைப் போடக்கூட முடியாமல் போனவர்கள் உண்டு. ஜப்பானில் அதற்கு வெள்ளை மெழுகு நோய் என்றே பெயர் வைத்தார்கள். 1960களில் அங்கே அது பெரிய தொழிலாளர் பிரச்சினையாக எழுந்தது. அதன் பிறகுதான் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் அல்லது ஸ்பிரிங் வைக்கும் வழக்கம் பரவியது.

அடுத்தது உதைப்பு. ஓடும் சங்கிலியின் வேகம் வினாடிக்கு சுமார் 20 மீட்டர். பிளேடின் மூக்கில் மேல்பாதி எதிலாவது பட்டால், மிஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எம்பும். கையை இழுக்க நேரம் கிடைக்காது. 1970களின் தொடக்கத்தில் முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள தடுப்பு, கை பட்டதும் சங்கிலியை நிறுத்தும் பிரேக்காக மாறியது. உதைப்பின் வேகத்திலேயே தானாக விழும் பிரேக்குகளும் தொடர்ந்து வந்தன.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க மறுபடியும் விறகைத் தேடினார்கள். அதுவரை காட்டுத் தொழிலாளியின் கையில் இருந்த மிஷின், அனுபவமே இல்லாத குடும்பஸ்தர்கள் கைக்குப் போனது. விபத்துகள் கூடின. உதைப்பைக் குறைக்கும் சங்கிலிகளும் கட்டாயத் தர விதிகளும் அதன் பின்னால் வந்தன. இன்று நாம் இருப்பது ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே எதை வாங்குவது?

நம் விறகு என்ன என்று பாருங்கள். சவுக்கும் கருவேலமும் பெரும்பாலும் கை கொள்ளும் பருமன், மிஞ்சினால் தொடைப் பருமன். அதற்கு 14 அல்லது 16 அங்குல பிளேடு, 35 முதல் 45 சி.சி. எஞ்சின் தாராளமாகப் போதும். மா, புளி, தூங்குமூஞ்சி போன்ற பெரிய அடிமரம் எப்போதாவது வந்தால், அன்றைக்கு ஆளும் மிஷினும் வாடகைக்கு அமர்த்திக்கொள்வது மலிவு. 22 அங்குலம், 58 சி.சி. என்று சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பிளேடு நீளமாக நீளமாக மூக்கு கண்ணுக்குத் தூரமாகிறது, எடையும் கூடுகிறது. அறுபது வயதுத் தோளுக்கு ஒரு கிலோ வித்தியாசம் சாயங்காலம் தெரியும்.

கடையில் மூன்றைச் சோதியுங்கள். தடுப்பை முன்னால் தள்ளினால் பிரேக் ‘டக்’ என்று விழுகிறதா? கைப்பிடியை அசைத்தால் எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே மெத்தென்று இடம் கொடுக்கிறதா? சங்கிலி அறுந்தால் பிடித்து நிறுத்தும் கொக்கி அடியில் இருக்கிறதா? நான்காவதாக ஒன்று கேளுங்கள்: சங்கிலி, பிளேடு, அரம் எல்லாம் உங்கள் ஊருக்கு அருகில் கிடைக்குமா? பாகம் கிடைக்காத மிஷின் ஒரு வருடத்தில் பரணுக்குப் போய்விடும்.

தென்னையும் பனையும் அறுப்பவர்கள் அரத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அந்த நார் சங்கிலியை வெகு சீக்கிரம் மழுக்கும். பெட்ரோலோடு டூ-டி ஆயிலைப் புத்தகத்தில் சொன்ன அளவில் கலக்கவும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை மாதக்கணக்கில் டாங்கில் விட்டால் கார்புரேட்டர் கெடும். வேலை முடிந்ததும் காலி செய்துவிடுங்கள். வாரத்துக்கு நாலு கிளை கழிப்பவர்களுக்கு பேட்டரி மிஷினே போதும்.

மரம் நம் நிலத்தில் இருப்பதாலேயே வெட்டிவிட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். சந்தன மரத்துக்கு அரசு அனுமதி வேண்டும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது.

கடைசியாக ஒன்று. நாமே மிஷினைப் பிடிப்பது குறைவு. கூலிக்கு வரும் பையன் கைலியும் ரப்பர் செருப்புமாக வந்து நிற்பான். மிஷின் வாங்கும்போதே ஒரு ஜோடி நல்ல பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான், சங்கிலியைச் சிக்க வைத்து நிறுத்தும் நாரிழைக் கால்சட்டை ஆகியவற்றையும் சேர்த்து வாங்கி, அவனைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிரேக் இல்லாத மிஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால், நமக்கு விற்கப்படுவது ஐம்பது வருடத்துக்கு முந்தைய மிஷின். அதற்கான மீதி விலையைக் கொடுப்பது அந்தப் பையனாக இருக்கக் கூடாது.

உங்கள் ஊர் விறகுக்கடையில் என்ன கணக்கில் நிறுத்தார்கள், எந்த மர விறகுக்கு மதிப்பு அதிகம் என்று நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன்.