எலும்பு ஹைடாடிட் நோய்

நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் மனித எலும்பில் தங்கி வளர்வதால் உண்டாகும் நோய். முதிர்ந்த புழுவின் நீளம் 1 செ.மீ.கூட இராது. நாயின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் கை, காய்கறி, தண்ணீர் வழியாக மனிதரின் வயிற்றுக்குள் செல்கின்றன. குடலில் வெளிப்படும் கரு இரத்தத்தில் கலந்து பெரும்பாலும் கல்லீரலிலோ நுரையீரலிலோ தங்கிவிடும். எலும்பைத் தாக்குவது நோயாளிகளில் 0.5 முதல் 4 விழுக்காட்டினரிடமே. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதுகெலும்பு பாதிக்கப்படுகிறது.

கல்லீரலில் புழு வளர்ந்து உண்டாக்கும் கட்டியைச் சுற்றி உருவாகும் நார்த்திசு உறை எலும்பில் உருவாவதில்லை. ஆகவே புழு ஒரே உருண்டையாகத் திரளாமல், திராட்சைக் கொத்துப் போன்ற சிறு கொப்புளங்களாக எலும்பின் நுண்ணறைகளுக்குள் புகுந்து அரிக்கிறது. பல ஆண்டுகள் அறிகுறியே தெரியாது. பிறகு வலி, லேசான அடியிலும் எலும்பு முறிவு, தண்டுவடம் நசுங்கிக் கால் செயலிழத்தல் ஆகியவை தோன்றலாம். எக்ஸ்ரேயில் காசநோய், புற்றுநோய் என மயங்க இடமுண்டு. இரத்தப் பரிசோதனையில் தெரியாவிட்டாலும் நோய் இல்லையென்று முடிவுகட்ட இயலாது.

பாதிக்கப்பட்ட எலும்பை இயன்றவரை முழுமையாக அகற்றுவதும், அல்பெண்டசோல் மாத்திரையை மாதக்கணக்கில் தருவதுமே சிகிச்சை. அறுவையின்போது கொப்புள நீர் சிந்தினால் கடும் ஒவ்வாமை ஏற்படலாம். நோயும் திரும்ப வரலாம். நாய்களுக்குப் பிராசிகுவாண்டல் கொடுப்பதும், ஆடுமாடுகளின் கட்டியுள்ள ஈரலை நாய்களுக்குப் போடாதிருப்பதும் தடுப்பு முறைகள்.