பிடியும் வலியும்

நாஞ்சில் நாட்டு வயல்களில் ஏர்மாடுகள் நடந்த காலத்தில் லாடம் அடிப்பதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கால்களில் கயிறு சுற்றி இழுத்து மாட்டைப் பக்கவாட்டில் சாய்ப்பார்கள். நான்கு கால்களும் சேர்த்துக் கட்டப்படும். ஒருவர் கொம்பைப் பற்றித் தலையை மண்ணோடு அழுத்திக்கொள்வார். ஆணி இறங்கும்போது மாடு பெரும்பாலும் அசையாது. குளம்பின் ஓட்டுக்கு உணர்வில்லை, ஆகவே வலியில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் விழி பிதுங்க, மூச்சுச் சீறக் கிடக்கும் அந்த மாட்டின் அசைவின்மைக்கு வலியின்மை மட்டுந்தான் காரணமா? அச்சமும் உடம்பைக் கல்லாக்கும் அல்லவா?

இந்த ஐயம் ஆய்வுக்கூடத்து எலியின் வடிவில் அக்குபங்சர் ஆராய்ச்சியையே சில ஆண்டுகள் உலுக்கியது என்பதைப் பின்னாளில் படித்தபோது, லாடக்காரரின் கயிறுதான் நமக்கு நினைவில் வந்தது.

சீன ஊசி மருத்துவம் இந்தியாவுக்கு வந்த வழி சுவையானது. 1938-ல் போர்க்காலச் சீனத்துக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் கோட்னிஸுடன் இருந்த மருத்துவர் பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் அங்கே சென்று இம்முறையைக் கற்று வந்து கல்கத்தாவில் கையாண்டார். மேலையுலகம் விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். 1971-ல் பீகிங்கில் குடல்வால் அறுவைக்கு ஆளான அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், அறுவைக்குப் பின் தமக்கு ஊசி குத்தப்பட்ட அனுபவத்தை நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். மறு ஆண்டு நிக்சன் சீனா சென்றார். எங்கும் ஊசியைப் பற்றியே பேச்சு.

நம்பிக்கையால் வலி குறைகிறது, அவ்வளவே என்றனர் ஐயுறுவோர். அதற்கு மறுமொழியாகத்தான் விலங்குகள் ஆய்வுமேடைக்கு வந்தன. முயலுக்கும் எலிக்கும் மருத்துவத்தின்மீது நம்பிக்கை இருக்க வாய்ப்பில்லையே! பீகிங்கில் 1965 முதல் இத்துறையில் உழைத்த ஹான் ஜிஷெங்கின் குழு, ஊசி குத்திய முயலின் மூளைத் தண்டுவட நீரை மற்றொரு முயலுக்குச் செலுத்தியது. குத்தப்படாத முயலுக்கும் வலி தாங்கும் வன்மை கூடிற்று. 1976-ல் டொரொண்டோவின் புரூஸ் பொமரன்ஸ், அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலாக்சோனைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ஊசியின் பயன் மறைந்துபோனதைக் காட்டினார். உடம்பு தானே சுரக்கும் அபின்நிகர்ப் பொருள்களே இதன் பின்னணி என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எலியின் வலியை அளக்க 1941 முதல் வழங்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. வாலின்மீது வெப்பக்கதிரைப் பாய்ச்சி, எத்தனை நொடியில் வாலைச் சுண்டி இழுக்கிறது என்று கணக்கிடுவார்கள். எலி விழித்திருக்க வேண்டும், ஓடவும் கூடாது. ஆகவே வாலும் பின்னங்கால்களும் மட்டும் வெளியே நீண்டிருக்க, உடலை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஊசி இறங்கியது. வால் தாமதமாகச் சுண்டியது. ஊசியின் வெற்றி என்று எழுதிவிடலாமா?

எழுதிவிட முடியாது. 1936-ல் ஹான்ஸ் செல்யே, பலவகைத் துன்பங்களுக்கு ஆளான எலிகளிடம் ஒரேவிதமான மாற்றங்களைக் கண்டார்: அண்ணீரகம் பருத்தது, இரைப்பையில் புண் தோன்றியது. பின்வந்தோர், அசையவிடாமல் அடைத்து வைப்பதே எலிக்கு இரைப்பைப் புண் வரப் போதும் என்று கண்டனர். 1970-களிலும் 80-களிலும் மற்றோர் உண்மை தெளிந்தது: கடும் அச்சமும் நெருக்கடியும் வலியுணர்வை மழுக்குகின்றன, அவற்றுள் ஒருவகை மழுக்கம் அதே அபின்நிகர்ப் பொருள்களின் வழியே நிகழ்கிறது, நலாக்சோனுக்கு அதுவும் கட்டுப்படுகிறது. ஆக, வால் தாமதித்தது ஊசியாலா, குழாயாலா? லாடக்காரரின் மாடு மீண்டும் நம்முன் கிடக்கிறது.

இதிலிருந்து மீளக் கண்ட வழிகள் எளியவை; பொறுமையைக் கேட்பவை. சோதனைக்குப் பல நாள் முன்பிருந்தே எலியைக் கைக்கும் குழாய்க்கும் பழக்கினார்கள். துணியில் தளரச் சுற்றிப் பிடித்தவர்களும் உண்டு. ஊசியின்றிப் பிடிமட்டும் பெறும் எலிகள் ஒரு தனிக்குழு. புள்ளியல்லாத இடத்தில் குத்தப்படும் எலிகள் இன்னொன்று. மென்மையாகப் பிடித்தல் இரக்கத்தின் பாற்பட்டது மட்டுமன்று, அளவையின் நேர்மைக்கும் அது தேவை என்பது மெல்ல மெல்ல உறைத்தது. 2010-ல் ஜேன் ஹர்ஸ்ட், சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதைவிடக் குழலில் ஏறவிட்டோ குவித்த கையிலோ எடுத்தால் அதன் பதற்றம் குறைகிறது என்று காட்டினார். 2014-ல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் கண்டது இன்னும் வியப்பானது. ஆண் ஒருவர் உடுத்திய சட்டையின் வாடையே எலிகளின் வலியுணர்வை மழுக்கப் போதுமானதாக இருந்தது. தொடவே வேண்டியதில்லை! அதுவரை எழுதப்பட்ட குறிப்பேடுகளில் எத்தனை எண்கள் பிடித்தவரின் வாடைக்கு உரியவையோ.

மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விப்பசுவைக் கவர்ந்து செல்லும் பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் ஒன்றைச் சுட்டுவதுண்டு. அப்பசுவின்மேல் இன்னும் கத்தி படவில்லை. அவனை அசைத்தது கட்டுண்டு நின்று அஞ்சி அழைத்த அதன் குரல். நம் சட்டமும் அந்தக் குரலை ஓரளவு செவிமடுத்தது. மாநிலங்களவை நியமன உறுப்பினராயிருந்த ருக்மிணிதேவி அருண்டேல் முன்னெடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கும் அதுவே அடிப்படை. அறுவை சார்ந்த சோதனைகளை இயன்றவரை மயக்கத்தில் செய்க என்கிறது சட்டம். ஆனால் வலியையே அளக்கும் சோதனையில் மயக்கம் பெரும்பாலும் விடையை அழித்துவிடும். அங்கே எலிக்கு மிஞ்சும் காப்பு பிடிப்பவரின் கைதான்.

இவ்வளவும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். குமரி மாவட்டம் வர்மத்தின் நிலம். படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என நூற்றெட்டை எண்ணும் மரபு, ஆசான்மாரின் சுவடிகளிலும் விரல்களிலும் வாழ்ந்துவந்தது. 1996-ல் ‘இந்தியன்’ திரைப்படம் வந்தபின் வர்மம் என்றாலே இரண்டு விரலால் ஆளை முறுக்கும் வித்தை என்று நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். எலும்பு முறிவுக்கும் வாதநோய்க்கும் ஆசானைத் தேடிப் போனவர்களுக்கு அது வைத்தியம். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வர்மம் சித்த மருத்துவப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அறிவியல் சான்று எங்கே என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வரட்டும். ஆனால் எலியைக் கொண்டு அதற்கு விடை தேட முனைவோர்முன் அக்குபங்சருக்கு இல்லாத ஓர் இடர் காத்திருக்கிறது.

ஊசி வேறு, எலியைப் பிடிக்கும் கை வேறு. ஊசியை விலக்கிவிட்டுப் பிடியை மட்டும் வைத்து ஒப்பிட இயலும். வர்மத்திலோ கருவியே விரல். பிடிப்பதும் அழுத்துவதும் மருந்தாவதும் ஒரே கை. அதே விரல், அதே அழுத்தம், அதே நேரம், வர்மமல்லாத இடம் என்று ஒரு குழு வேண்டும். தொடப்படாத எலிகள் ஒரு குழு வேண்டும். இரண்டுக்கும் முன்பாக, அந்தக் கையை அஞ்சாத அளவுக்கு எலிகளைப் பழக்கும் நாள்கள் வேண்டும். ஓர் எலியின் காலில் நூற்றெட்டில் எந்தப் புள்ளியை எங்கே குறிப்பது என்பதை ஆசான்மாரிடந்தான் கேட்க வேண்டியிருக்கும்.