காணாமற்போன கோப்பின் கதை



ஒரு பள்ளிக்கூடத்து நூல்நிலையத்தில் ஒரே ஒரு பேரகராதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு மாணவனும் அதையே புரட்டுகிறான். தமிழாசிரியரும் அதையே புரட்டுகிறார். ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. செலவு மிச்சம், இடமும் மிச்சம். ஆனால், எவனோ ஒருவன் அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்துவிட்டால், கிழித்தவன் ஒருவனாயினும் இழப்பு அனைவருக்கும் உரியதாகிவிடுகிறது. நம் வீட்டுக் கணிப்பொறி ஒரு நாள் திடீரென்று, “இன்ன கோப்பைக் காணவில்லை” என்று அறிவித்துவிட்டு வேலை செய்ய மறுக்கிறதே, அதன் வரலாறும் ஏறக்குறைய இந்த அகராதியின் வரலாறுதான்.

இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்னும் அறிஞரின் தலைமையில் ‘எட்சாக்’ என்ற கணிப்பொறி உருவாயிற்று. 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் அது தன் முதற் கணக்கைச் செய்து முடித்தது. அதற்குரிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகப் பொறிப்பார்கள். தம் எஞ்சிய வாழ்நாளில் ஒரு நல்ல பங்கு தாம் எழுதிய கட்டளைகளில் பிழை தேடுவதிலேயே கழியப்போகிறது என்பதை அக்காலத்திலேயே தாம் உணர்ந்ததாக வில்க்ஸ் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

வர்க்கமூலம் காண்பது போன்ற கணக்குகள் பல வேலைகளுக்கும் பொதுவானவை. அவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிப் புதிதாகப் பிழை செய்வானேன்? ஒரு முறை எழுதிச் சோதித்த துணைநிரல்களை நாடாக்களாகச் சேர்த்து, ஒரு நூலகம்போல் அமைத்துவிட்டார்கள். வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951-இல் இம்முறையை விளக்கி நூலொன்றும் வெளியிட்டனர். ஒரு செய்தியை இங்கே உன்னிப்பாகக் கவனியுங்கள். வேண்டிய துணைநிரலை நூலகத்திலிருந்து தம் நாடாவில் படியெடுத்துக்கொள்வதே அவர்கள் வழக்கம். ஆகவே, நூலகத்து நாடா பின்னர் கிழிந்தாலும், முன்பே படியெடுத்தவருக்குக் கேடில்லை.

படியெடுக்காமல், பொதுவான ஒரே பிரதியை வேண்டும்போது மட்டும் பலரும் பயன்படுத்திக்கொள்ளலாமே என்ற எண்ணம் 1960-களில் அமெரிக்காவின் ‘மல்டிக்ஸ்’ திட்டத்தில் செயலுருப் பெற்றது. 1985-ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட முதல் ‘விண்டோஸ்’ இம்முறையைச் சிறு கணிப்பொறிகளுக்குக் கொணர்ந்தது. அது இயங்குவதற்குக் குறைந்த அளவாகக் கேட்ட நினைவகம் 256 கிலோபைட்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரண நிழற்படமே பெரும்பாலும் அதைவிடப் பெரிது! அவ்வளவு குறுகிய இடத்தில், பொதுப் பகுதிகளைத் தனித் தனியே அடுக்கிவைத்தால் கட்டுமா? பல செயலிகளும் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய பொது நூலகக் கோப்பைத்தான் ‘டி.எல்.எல்.’ என்கிறார்கள்.

சிக்கனம் கிட்டியது, தொல்லையும் உடன் வந்தது. 1990-களில் புதிய செயலி ஒன்றைக் கணிப்பொறியில் நிறுவும்போது, அது தன்னுடன் கொண்டுவந்த பழைய பதிப்பை, ஏற்கெனவே இருந்த புதிய பொதுக்கோப்பின்மீது எழுதிவிடுவதுண்டு. மற்றொரு செயலியை நீக்கும்போது, பிறருக்கும் தேவையான கோப்பு அதனுடன் சேர்ந்து நீங்கிவிடுவதுமுண்டு. நேற்றுவரை ஓடிய செயலி இன்று ஓடாது. பயன்படுத்துபவரோ அதைத் தொட்டே இருக்கமாட்டார்! இந்நிலைக்கு ‘டி.எல்.எல். நரகம்’ என்று துறையினர் பெயரிட்டதில் வியப்பில்லை.

குறை பகிர்ந்துகொண்டதில் இல்லை. பொதுப்பொருளுக்குக் காவல் இல்லாததில்தான் இருந்தது. இதை உணர்ந்தபின் பரிகாரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1998-ஆம் ஆண்டு விண்டோஸில் முறைமைக் கோப்புகளைச் சரிபார்க்கும் கருவி ஒன்று இடம்பெற்றது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, முக்கியக் கோப்பை வேறொன்று மாற்றினால் அதைக் கண்டறிந்து, தான் பாதுகாத்து வைத்த நற்பிரதியை மீண்டும் அவ்விடத்தில் வைத்தது. 2001-இல் வந்த ‘எக்ஸ்.பி.’, ஒரே கோப்பின் வெவ்வேறு பதிப்புகள் அருகருகே வாழ வழி செய்தது. இன்று வட்டில் இடம் தாராளமாகிவிட்டமையால், செயலிகள் பல தமக்கு வேண்டிய கோப்புகளைத் தாமே சுமந்து வருகின்றன. கேம்பிரிட்ஜின் பழைய வழக்கம் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது எனலாம். ஆனால் அதிலும் ஓர் இடர் உண்டு: பொதுவான பகுதியில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், அத்தனை பிரதிகளையும் தனித்தனியே திருத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்டது ஒரு தவற்றின் பயனாகத்தான். ஓய்வு பெற்றபின், எங்கள் ஊர்ப் பழைய மாணவர்களின் பெயர்ப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, ஒரு கோப்பைக் காணவில்லை என்று சொல்லி அச்செயலி திறக்க மறுத்தது. பொறுமையின்றி, முன்பின் அறியாத ஓரிடத்திலிருந்து அப்பெயருடைய கோப்பை இணையத்தில் இறக்கி உள்ளே வைத்தேன். மறுநாள் கணிப்பொறியே எழுந்திருக்கவில்லை. ஓராண்டு உழைப்பு போயிற்றென்று கலங்கி நின்றேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி வந்து பார்த்து, “ஐயா, பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாகிவிடுமா?” என்று கேட்டாள். எத்தனையோ வகுப்புகளில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது!

முதலில் அவள் என் பதிவேட்டை வேறொரு வட்டில் படியெடுத்துப் பத்திரப்படுத்தினாள். பிறகே பழுது பார்த்தாள். அவள் காட்டிய நெறி இதுதான்: காணாமற்போனது யாருடைய கோப்பு என்று முதலில் அறிக. இயங்குமுறைமையின் கோப்பாயின், ‘எஸ்.எஃப்.சி.’ என்னும் சரிபார்க்கும் கருவி சேமிப்பிலுள்ள நற்பிரதியோடு ஒப்பிட்டு மாற்றிவிடும். அச்சேமிப்பே பழுதாகியிருந்தால், முதலில் அதைச் செப்பனிட ‘டி.ஐ.எஸ்.எம்.’ என்னும் வேறொரு கருவி உண்டு. செயலிகள் பலவற்றுக்கும் பொதுவான துணைத்தொகுப்பின் கோப்பாயின், அத்தொகுப்பை வெளியிட்டவரிடமிருந்தே முழுமையாகப் பெற்று நிறுவுக. அந்தச் செயலிக்கே உரிய கோப்பாயின், அச்செயலியை மீண்டும் நிறுவுக. தனிக் கோப்பைத் தெருவில் பொறுக்கி வராதீர்கள்!

என் பதிவேடு பிழைத்தது. மாணவர் பெயர்களுள் ஒன்றேனும் அழியவில்லை. நண்பர்களே, பலர் கூடிப் பயன்படுத்தும் எதுவாயினும் அதற்கு ஒரு காவலும், ஐயமற்ற மூலப்படி ஒன்றும் வேண்டும். எட்சாக் நாளிலிருந்து அறிஞர்கள் அரும்பாடுபட்டுக் கற்ற பாடம் இது. உங்கள் பள்ளி நூல்நிலையத்துப் பேரகராதியை அடுத்த முறை கையில் எடுக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.