ஆங்கில வகுப்பில் அணிகளும் கட்டுரையும்: ஒரு வரலாறு

ஆங்கில மொழி வகுப்புகளில் தேர்வு நெருங்கும்போது இரண்டு பகுதிகள் தவறாமல் திருப்புதல் செய்யப்படுகின்றன. ஒன்று, உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, முரண்நகை முதலிய இலக்கியக் கலைச்சொற்கள். மற்றொன்று, கட்டுரை எழுதும் முறை. இன்று இவை தனித்தனி மதிப்பெண்களுக்குரிய தனித்தனிப் பகுதிகளாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் தொடக்கத்தில் இவ்விரண்டும் ஒரே பயிற்சியின் இரு கூறுகளாக இருந்தன. அவை பிரிந்த வரலாற்றை அறிந்தால், இக்கலைச்சொற்களை எதற்காகப் படிக்கிறோம் என்பதும் விளங்கும்.

பேச்சுக்கலையில் தோற்றம்

ஆங்கிலப் பாடநூல்களில் உள்ள அணிப் பெயர்களில் பல கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. உருவகத்தைக் குறிக்கும் மெட்டஃபர் என்ற சொல்லுக்கு, ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு எடுத்துச் செல்லுதல் என்பது பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றியும் கவிதையியல் பற்றியும் எழுதிய நூல்களில் உருவகத்தை விரிவாக ஆராய்ந்தார்.

கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமாபுரி ஆசிரியர் குவின்டிலியன், ஒரு பேச்சாளனை உருவாக்கும் கல்வி குறித்து 12 தொகுதிகள் எழுதினார். உரோமானிய மரபு பேச்சுக்கலையை ஐந்து கூறுகளாகப் பகுத்தது. அவை கருத்தைத் தேடுதல், வரிசைப்படுத்துதல், சொல்நயம், நினைவில் நிறுத்துதல், பேசிக் காட்டுதல் என்பன. இன்றைய கட்டுரைத் திட்டமிடல் இவற்றுள் முதல் இரண்டு கூறுகளில் அடங்கும். அணிகள் மூன்றாவது கூறில் அடங்கும். அவையோரைத் தன் பக்கம் ஈர்க்க வேண்டிய பேச்சாளனுக்கு இவை அனைத்தும் சேர்ந்தே தேவைப்பட்டன.

இங்கிலாந்துப் பள்ளிகள்

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இலக்கணப் பள்ளிகள் இம்மரபை இலத்தீன் மொழி வழியே பின்பற்றின. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்தோனியஸ் வகுத்த 14 பயிற்சிகள் அங்கே பாடமாக இருந்தன. மாணவர்கள் நீதிக்கதையைத் திருப்பி எழுதுவதில் தொடங்கி, படிப்படியாக ஒரு கருத்தை ஆதரித்தும் எதிர்த்தும் வாதிடும் நிலைக்கு உயர்ந்தனர்.

லண்டன் செயின்ட் பால் பள்ளிக்காக டச்சு அறிஞர் இராஸ்மஸ் எழுதிய நூல் 1512இல் வெளிவந்தது. கடிதம் கண்டு மகிழ்ந்தேன் என்னும் எளிய கருத்தை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் சொல்லலாம் என்று அதில் அவர் எழுதிக் காட்டினார். அணியைக் கண்டுபிடிப்பதோடு அக்காலப் பயிற்சி நின்றுவிடவில்லை. மாணவன் தானே அணியை ஆக்கிப் பழக வேண்டியிருந்தது.

ஜார்ஜ் பட்டன்ஹாம் எழுதியதாகக் கருதப்படும் ஆங்கிலக் கவிதையியல் நூல் 1589இல் வெளிவந்தது. கிரேக்க அணிப் பெயர்களுக்கு அது எளிய ஆங்கிலப் பெயர்களைச் சூட்டியது. உயர்வு நவிற்சிக்கு உரக்கப் பொய் சொல்பவன் என்ற பொருளில் வேடிக்கையாக ஒரு பெயர் கிடைத்தது. அப்பெயர்கள் நிலைக்கவில்லை, கிரேக்கப் பெயர்களே நிலைத்தன.

கட்டுரை என்னும் வடிவம்

எஸ்ஸே என்ற சொல்லுக்கு மூலமான பிரெஞ்சுச் சொல் முயற்சி என்று பொருள்படும். 1580இல் மொந்தேய்ன் தம் உரைநடைத் தொகுப்புக்கு இப்பெயரை இட்டார். 1597இல் பிரான்சிஸ் பேக்கன் பத்துக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மொந்தேய்னின் கட்டுரை முன்கூட்டியே முடிவு கட்டாமல் எழுதிக்கொண்டே சிந்திக்கும் வடிவமாக இருந்தது. பிற்காலப் பள்ளிகள் அப்பெயரை ஏற்றுக்கொண்டாலும், அந்தச் சுதந்திரத்தைப் பெரும்பாலும் ஏற்கவில்லை.

எழுத்துத் தேர்வின் வருகை

1762இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஹியூ பிளேர் பேச்சுக்கலை, இலக்கியப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அவருடைய விரிவுரைகள் 1783இல் நூலாகி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலம் பாடநூலாக விளங்கின. ஆங்கில நூல்களைப் படித்து நயம் காணும் பழக்கம் இதனால் வலுப்பெற்றது.

1866இல் அபர்தீன் பேராசிரியர் அலெக்சாண்டர் பெய்ன், பத்தி அமைப்புக்கு விதிகள் வகுத்தார். பத்தியின் தொடக்கம் அதன் பொருளை உணர்த்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இன்றைய வகுப்பறைகளில் வழங்கும் மையக்கருத்து வாக்கியம் இம்மரபில் வந்ததே.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874 முதல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைக் கேட்டது. அதற்கான தலைப்புகள் ஷேக்ஸ்பியர், ஸ்காட், கோல்ட்ஸ்மித் முதலியோரின் குறிப்பிட்ட நூல்களிலிருந்து எடுக்கப்பட்டன. விரைவில் இத்தகைய நூல் பட்டியல்களே உயர்நிலைப் பள்ளிகளின் பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கத் தொடங்கின. இதை எதிர்த்த ஆசிரியர்கள் 1911இல் சிகாகோவில் தேசிய ஆங்கில ஆசிரியர் மன்றத்தை நிறுவினர்.

பேச்சு மேடையின் இடத்தைத் தேர்வுத்தாள் பிடித்தபோது அணிகளின் நிலையும் மாறியது. முன்பு எழுதுபவனின் கருவியாக இருந்த அணி, பிறர் எழுதியதில் அடையாளம் காண வேண்டிய பெயராகச் சுருங்கியது.

ரிச்சர்ட்ஸின் சோதனை

கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, கருத்தை எழுதித் தரச் சொன்னார். அவற்றுள் 13 கவிதைகளுக்கு வந்த விடைகளை 1929இல் நூலாக வெளியிட்டார். நன்கு படித்த மாணவர்களில் பலருக்குக் கவிதையின் நேர்ப்பொருளே பிடிபடவில்லை என்பது அதில் வெளிப்பட்டது. உருவக மொழியைத் தவறாகப் புரிந்துகொள்வதும் அவர் பட்டியலிட்ட இடர்ப்பாடுகளுள் ஒன்று.

1938இல் அமெரிக்கர்களான கிளின்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன் ஆகியோர் வெளியிட்ட கவிதைப் பாடநூல், வரிகளைக் கூர்ந்து படித்து விளக்கும் முறையைக் கல்லூரிகளில் பரப்பியது. தொனி, படிமம், முரண்நகை ஆகிய சொற்கள் வாசிப்புக்கான கருவிகளாக வகுப்பறையில் மீண்டும் இடம்பெற்றன.

இன்றைய வகுப்பறை

முன்னுரை, மூன்று பத்திகள், முடிவுரை என்னும் ஐந்து பத்திக் கட்டுரை அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக உள்ளது. தொடக்க நிலை மாணவருக்கு அது கைத்தடி போன்றது. நடக்கப் பழகிய பின்னும் அதை விடாதிருந்தால் சிந்தனை அதன் அளவுக்கே நிற்கும். தமிழ்நாட்டுப் பள்ளி ஆங்கிலத் தேர்வுகளிலும் கவிதை வரியைக் கொடுத்து அணியின் பெயரைக் கேட்கும் வினா உண்டு. நிலவைப் படகு என்று சொல்லும் ஒரு வரிக்கு, உருவகம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அது ஏன் படகு, விளக்காக ஏன் இல்லை, படகு என்றதால் வானம் எப்படி மாறியது என்று கேட்கும்போதுதான் கட்டுரைக்கு வேண்டிய கருத்து பிறக்கிறது.

ஆகவே பயனுள்ள திருப்புதலுக்கு மூன்று படிகள் வேண்டும். முதலில் அணியின் பெயரை அறிய வேண்டும். அடுத்து அந்த வரியில் அது செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். பின்னர் தம் எழுத்தில் ஒருமுறையேனும் அதைக் கையாண்டு பார்க்க வேண்டும். இலக்கணப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய இந்த மூன்றாம் படியே இன்றைய திருப்புதலில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.